வீடு திரும்புதல்: ஓர் அறவினா



மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பினார் என்று கேட்டால் நம் உள்ளம் குளிர்கிறது. காய்ச்சலில் கிடந்தவர் திரும்பினாலும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் திரும்பினாலும், துன்பம் தீர்ந்தது என்பதே அச்செய்தியின் பொருள். பழங்களுடன் சென்று நலம் விசாரித்து, நான்கு வார்த்தை ஆறுதல் கூறி வருகிறோம். ஆனால் முதுகெலும்பு முறிந்து, அதனுள் ஓடும் தண்டுவடம் சிதைந்த ஒருவர் வீடு திரும்பும்போது அப்பொருள் பொருந்துவதில்லை. முறிந்த எலும்பு கூடும். சிதைந்த தண்டுவடம் மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. நடந்து வெளியேறிய வாசலின் வழியே அவர் தூக்கிவரப்படுகிறார்.

அவர் விட்டுச்சென்ற வீடு அங்கேயே இருக்கிறது. அவ்வீட்டில் அவர் விட்டுச்சென்ற இடம் இருக்கிறதா? உடல் வந்து சேர்ந்த நாளையே வீடு திரும்பிய நாளாகக் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு மருத்துவர் மட்டும் விடை கூற இயலாது. வீட்டில் உள்ளோரும், உறவினரும், நலம் விசாரிக்கச் செல்லும் நாமும் விடை கூற வேண்டிய அறவினா இது. நாமே இதில் ஒருமுறை தவறினோம். அத்தவறே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கரிசற் சீமையில் ஒரு வீடு

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், கழுகுமலைக்குச் சென்றிருந்தோம். கோவில்பட்டிக்கு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அம்மலையில், பாறை முகத்தில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களையும் கண்டு வணங்கி இறங்கினோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும், இன்னார் செய்வித்த திருமேனி இது என்று ஒவ்வொருவரின் பெயரும் தனித்தனியே நிற்பது நம் மனத்தில் பதிந்தது.

திரும்பும் வழியில், கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றோம். நம் உறவினர் ஒருவருக்குப் பருத்தி வணிகத்தின் வழியாகப் பழக்கமான வேளாண் குடும்பம் அங்கு வாழ்கிறது. அக்குடும்பத்தின் மூத்த மகனுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். மழை தவறிய ஆண்டில், ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறினார். கிளை முறிந்து விழுந்தார். பதறிய ஊரார் தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவராகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைத்துக் கொண்டுசென்றார்கள். முதுகு முறிந்தவரை வளைக்காமல், தட்டையான பலகையில் நேராகக் கிடத்தியே நகர்த்த வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. நான்கு மாதம் மருத்துவமனையில் இருந்தார். அங்கே எலும்பைச் சேர்த்தார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் அற்ற உடலோடு வீட்டில் எவ்வாறு வாழ்வது என்பதைக் கற்பிக்க அங்கு ஆளில்லை.

நாம் சென்றபோது அவர் உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார். தாயார் தலைமாட்டில் நின்றார். மனைவி கதவோரம் நின்றார். நாம் தாயாரைப் பார்த்து, "வேளைக்குச் சாப்பிடுகிறாரா அம்மா? இரவில் தூங்குகிறாரா?" என்று கேட்டோம். தாயார் வாய் திறக்குமுன் கட்டிலிலிருந்து குரல் வந்தது:

"ஐயா, என்னையவே கேளுங்க. காலுதான் போச்சு, வாயி இருக்கு."

அவர் சினந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாம் நாணினோம். அவரை நலம் விசாரிக்கச் சென்ற நாம், அவர் கண்ணெதிரே, அவர் அங்கு இல்லாதவர் போலப் பேசியிருந்தோம்.

பின்னர் அவர் மெல்ல மெல்லச் சொன்னவை இவை. அவர் மருத்துவமனையில் இருந்தபோது கறவை மாட்டை விற்றுவிட்டார்கள். அவருடைய பங்கு நிலத்தை மூன்றாண்டுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். மகனைத் தாய்மாமன் ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்றையும் அவரிடம் கேட்கவில்லை. அவரைப் புரட்டிப்போடுவதும், குளிப்பாட்டுவதும், சன்னலைத் திறப்பதும் மூடுவதும்கூட மற்றவர் நினைத்த நேரத்தில் நடந்தன. "எல்லாம் என் நல்லதுக்குத்தான் செஞ்சாங்க ஐயா" என்று அவர் முடித்தார். அந்த முடிவுரைதான் நம்மை நெடுநாள் உறுத்தியது. அவ்வீட்டில் எவரும் தீயவரல்லர். அன்பால் செய்தவை அனைத்தும் சேர்ந்து ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே இல்லாதவராக்கிவிட்டன.

பத்துப் பிராணன்கள்

அகிம்சை என்பதைக் கொல்லாமை என்னும் அளவில் நிறுத்திக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நம் தத்துவ நூல்கள் அதனை மேலும் நுணுகி ஆராய்கின்றன. பகையால் செய்யும் ஊறு மட்டுமன்றி, கவனமின்மையால் ஓர் உயிரின் பிராணன்களுக்கு நேரும் ஊறும் இம்சையே என்பது அவற்றின் கருத்து. அப்பிராணன்கள் பத்து என்பதை நாம் சிறுவயதிலேயே எண்ணக் கற்றோம். ஐம்பொறிகள் ஐந்து, மனவலிமை, சொல்வலிமை, உடல்வலிமை என வலிமைகள் மூன்று, மூச்சு ஒன்று, ஆயுள் ஒன்று.

இக்கணக்கை அந்த இளைஞரின் கட்டிலருகே வைத்து எண்ணிப் பார்ப்போம். முறிந்த கிளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை யாவை? உடல்வலிமையில் ஒரு பகுதி. தொடுவுணர்வில் ஒரு பகுதி. எஞ்சிய எட்டும் முன்போலவே முழுமையாக இருந்தன. வீட்டுக்கு வந்தபின் மேலும் இரண்டுக்கு ஊறு நேர்ந்தது. அவர் சொல்லைக் கேளாமையால் சொல்வலிமை குன்றியது. அவர் கருத்தை நாடாமையால் மனவலிமை குன்றியது. இவ்விரண்டுக்கும் ஊறு செய்தது வேப்பமரமன்று, நாம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நோயுற்றவருக்குக் கவலை தரலாகாது. அவர் பாரத்தையும் சேர்த்து நாம் சுமப்பதுதானே அன்பு? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் கவலை தராமல் இருப்பது வேறு. உரிமை தராமல் இருப்பது வேறு. கைக்குழந்தைக்காக நாம் முடிவெடுக்கிறோம். அதற்கு இன்னும் முடிவெடுக்கும் பக்குவம் வரவில்லை. பல ஆண்டு உழுது, விதைத்து, கடன் வாங்கி, கடன் தீர்த்த ஒருவருக்கு அப்பக்குவம் முதுகெலும்போடு முறிந்துபோவதில்லை. அவரைப் புரட்டிவிட மற்றவர் கை வேண்டியிருக்கலாம். எப்போது, எப்பக்கம் புரட்ட வேண்டும் என்பதை அவர் சொல்லலாம். உதவி பெரிதா சிறிதா என்பதன்று நாம் கேட்க வேண்டிய வினா. அவ்வுதவி யாருடைய சொல்லின்படி நடக்கிறது என்பதே வினா.

நாட்டின் சட்டமும் இதனை ஏற்றிருக்கிறது. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சொத்தை உடைமையாகக் கொள்ளவும், தம் பணப் பொறுப்புகளைத் தாமே நடத்தவும் அவர்களுக்கு மற்றவரோடு ஒத்த உரிமை உண்டு என்று கூறுகிறது. மாடு விற்பதும் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் நம் கண்ணுக்குச் சிறு செய்திகள். சட்டத்தின் கண்ணுக்கு அவை சிறியவையல்ல. அறத்தின் கண்ணுக்கு அவை இன்னும் பெரியவை.

பழவினை என்னும் சொல்

நாம் அவ்வீட்டில் இருந்தபோது அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் வாசலில் நின்று, "போன பிறவியில என்ன செஞ்சானோ" என்று பெருமூச்சு விட்டார். கதவோரம் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வினைக் கொள்கையை மிக விரிவாக ஆராய்ந்தவர்கள் என்று பெருமை கொள்ளும் நாம், இச்சொல்லை எடைபோட்டுப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இன்ப துன்ப நுகர்வுக்கு வினை காரணம் என்பது நம் கொள்கையே. ஆயினும் எந்த வினை, எப்போது, எதன் பயனாக உதயமாயிற்று என்பதை அறிய முற்றறிவு வேண்டும். அஃது இல்லாத நாம் ஒருவர் துன்பத்தைக் கண்டு அவர் வரலாற்றைத் தீர்ப்பாக எழுதுவது அறியாமையும் செருக்கும் கலந்த செயலாகும். வினைக் கொள்கை ஒருவன் தன்னைத்தானே திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. பிறனை எடைபோடும் தராசாக அன்று.

அது மட்டுமன்று. விழுந்தது பழவினை என்றே வைத்துக்கொள்வோம். அவர் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த படுக்கைப்புண் யாருடைய வினை? உணர்வற்ற தோல் ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் அங்கே குருதியோட்டம் நின்று சதை அழுகும். வலி தெரியாமையால் அவரால் அறிய முடியாது. பார்ப்பவர்தாம் அறிய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டிருந்தால் அப்புண் பெரும்பாலும் வந்திராது. அது சென்ற பிறவியில் விளைந்ததன்று. சென்ற மாதத்தில் விளைந்தது.

இதனை வரலாறே மெய்ப்பித்திருக்கிறது. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட ஓர் அறுவை மருத்துவச் சுவடி, கழுத்தெலும்பு பிசகிக் கைகால் உணர்விழந்தவரைச் சிகிச்சைக்கு உரியவரல்லர் என்று ஒதுக்கியது. அண்மைக் காலம் வரை உலகெங்கும் அதுவே நிலை. தண்டுவடம் சிதைந்தவர்களுட் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். அதனை விதி என்று மருத்துவரும் நம்பினர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி வந்த லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் மருத்துவர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்டச் செய்தார். சிறுநீர்ப் பாதையைத் தூய்மையாகக் காத்தார். எழுந்து அமரவும் வேலை பழகவும் வைத்தார். விதி என்று எண்ணப்பட்ட மரணம் பின்வாங்கியது. 1948 ஜூலை 29 அன்று, இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கிய அதே நாளில், அம்மருத்துவமனைத் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகள் அதிலிருந்து வளர்ந்தவை. விதி என்று நாம் பெயரிட்டதன் பெரும்பகுதி கவனமின்மை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

திரும்பி வந்தவர்கள்

நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்றானவர்கள் உளர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டில் ஊர்தி விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். அவர் மருத்துவப் பணி முடிந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று அங்கிருந்த மருத்துவர் பால் பிராண்ட் அவருக்கு ஊக்கமளித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அக்கல்லூரியில் அத்துறையை உருவாக்கினார். 1966இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையம், தண்டுவடம் சிதைந்தோர் தங்கி வாழ்வைப் புதிதாகக் கற்கும் இடமாயிற்று.

கோவில்பட்டியிலிருந்து மேற்கே சென்றால் தென்காசியை அடுத்து ஆய்க்குடி வருகிறது. அவ்வூரைச் சேர்ந்த இராமகிருஷ்ணன் 1975இல் பொறியியல் மாணவர். கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூரு சென்றவர், உடற்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். மருத்துவமனையிலிருந்து அவர் ஆய்க்குடிக்குத் திரும்பினார். 1981இல், தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஊனமுற்ற குழந்தைகளுக்கான சிறு பள்ளியாக அது எழுந்தது. தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்கர் சங்கரராமன் 1992இல் அவரோடு சேர்ந்தார். சிற்றூர் ஒன்றில் தோன்றிய அச்சங்கம் பள்ளி, மருத்துவம், தொழிற்பயிற்சி என விரிந்து, சுற்றிலுமுள்ள ஊர்களுக்கெல்லாம் பயன்படுகிறது. 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவர்களைப் பெரியோர் என்று வியந்து ஒதுங்கிவிடுவது எளிது. எல்லோரும் சங்கம் தொடங்க வேண்டும் என்பதில்லை. நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. இழந்ததை எண்ணி நின்றுவிடாமல், உன்னிடம் எஞ்சியிருப்பது என்ன, அதனால் என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேட்க வேண்டும் என்பதே அது. பால் பிராண்ட் மேரி வர்கீஸிடம் இத்தகைய நோக்கோடுதான் பேசியிருப்பார். ஒருவரை உண்மையில் வீட்டுக்கு அழைத்து வருவது அந்த நோக்கே.

வீட்டார் அறிய வேண்டுவன

அறம் என்பது பொதுச் சொல்லாக நின்றுவிடாமல் செயலாக இறங்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அரைமணிக்கு ஒருமுறையேனும் கைகளை ஊன்றி உடலை உயர்த்தி இருக்கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இடுப்பும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை தானே ஒழியாதவருக்கு, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு குழாய் செலுத்தி ஒழிக்கும் முறை உண்டு. கைகளை நன்கு கழுவிச் செய்தால் வீட்டிலேயே அவரே செய்துகொள்ளலாம் என்பதை 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் காட்டினார். சிறுநீரகம் கெட்டு இறப்போர் தொகை இத்தகைய கவனத்தால் குறைந்தது. மருத்துவமனையை விட்டு வருமுன், இவற்றை நோயாளியும் வீட்டில் இருவரேனும் செய்து பழகிக்கொண்டே வர வேண்டும்.

நீர் காய்ச்சி வடிகட்டிப் பருகும் நம் வழக்கம் இங்கே துணையாகும். இரவில் நீரருந்தா விரதம் உடையோர் பகலிலேயே போதிய நீர் பருகுமாறு மருத்துவரோடு கலந்து நேரம் வகுத்துக்கொள்ளலாம். உபவாசத்தை அவர்மேல் சுமத்தலாகாது. மலசலம் துடைக்கும் பணியில் அருவருப்புக் கொள்வோர், நற்காட்சியின் மூன்றாம் அங்கத்துக்கு எடுத்துக்காட்டான உத்தாயன மன்னனை நினைவிற் கொள்க. நோயுற்ற துறவியின் வாந்தியைக் கையால் ஏந்திய அவன் வரலாறு, நாம் கேட்டு மகிழ்வதற்காக மட்டும் சொல்லப்பட்டதன்று.

கரிசற் பூமிக்கே உரிய இடர்களும் உண்டு. தண்டுவடம் மேற்பகுதியில் சிதைந்தவர்க்கு, உணர்வற்ற பகுதியில் வியர்வை சுரப்பதில்லை. சித்திரை வெயிலில் உடல் கொதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஈரத்துணியும் நிழலும் அவருக்கு மருந்து. சீமைக் கருவேல முள் தைத்தாலும், வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை சுட்டாலும் காலுக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் பசையாகிச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். கோடையில் காலடி நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆதலால் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுப்பதோடு உதவி முடிவதில்லை. அது செல்லும் பாதையும் உதவியின் பகுதியே.

நாம் கண்ட வீட்டில் திண்ணைக்கும் தெருவுக்கும் ஒன்றரை அடி உயரம், மூன்று கற்படிகள். சக்கர நாற்காலி ஏற, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் கணக்கில் சரிவு அமைக்க வேண்டும். ஆகவே 18 அடி நீளம். நேரே அமைக்கத் தெருவில் இடமில்லை. படியை இடித்துச் சுவரோரமாகத் திருப்பலாம் என்றபோது, தாத்தா காலத்து வாசற்படியை இடிப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று தந்தையார் தயங்கினார். தாயார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "படி பெருசா, பிள்ளை பெருசா?" மறுவாரம் கொத்தனார் வந்தார். தாய்மாமன் தம் டிராக்டரில் இரண்டு நடை சரள் மண் கொண்டுவந்து, வாசலிலிருந்து சாலை வரை பாதை போட்டார். அன்னதானம் போலவே அதுவும் தானம்தான் என்பது நம் துணிபு.

வெளியுதவியையும் கேட்டுப் பெறலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார். உரிமையானதைக் கேட்பதில் இழிவில்லை.

இருவர் துன்பம்

இங்கே மறைந்து நிற்கும் ஒருவரையும் நாம் மறக்கலாகாது. அவர் மனைவி. பகலில் தீப்பெட்டி வேலைக்குச் சென்று, இரவில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து புரட்டி, விடியலில் தண்ணீர் பிடித்து, ஓராண்டு உறங்காத கண்களோடு கதவோரம் நின்றார் அவர். எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தார்கள். ஓர் இரவு முறை ஏற்க எவரும் முன்வரவில்லை. ஒருவருக்குச் செய்யும் கருணை மற்றொருவரின் உடலை அரைத்துச் செய்யப்படுமாயின் அது முழுக் கருணையாகாது. வாரத்தில் இரண்டு இரவுகளை உறவினர் பகிர்ந்துகொண்டால், அது நூறு ஆறுதல் மொழிகளைவிட மேலானது. படுத்திருப்பவருக்கும் இதில் கடமை உண்டு. உதவுவோர் மேல் சினத்தைக் கொட்டாதிருப்பதும், தம்மால் இயன்றதைத் தாமே செய்வதும் அவர் காக்க வேண்டிய அறம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் மாதங்களில் இத்தகையோர் பலர், இனி ஏன் இருக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. அதனைச் சல்லேகனை விருப்பம் என்று எவரும் மயங்க வேண்டா. சாவை விரும்புதலை அவ்விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகவே நம் ஆசாரியர்கள் எண்ணினர். அது விரதமன்று, துயரம். அவர் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். தனிமையில் விடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பல ஆண்டு வாழக்கூடிய உயிர் அது. அத்துயரத்தின் ஒரு பகுதி கால் இழந்ததனால் வந்தது. மற்றொரு பகுதி தாம் எவருக்கும் வேண்டாதவராகிவிட்டோம் என்னும் எண்ணத்தால் வந்தது. முன்னதை நாம் மாற்ற இயலாது; பின்னதை மாற்ற நம்மால் இயலும்.

வீடு திரும்பிய நாள்

அடுத்த ஆண்டு தை மாதத்தில் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். இடையில் அவர் ஒரு மறுவாழ்வு மையத்தில் சில வாரம் தங்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறவும், புண் வராமல் காத்துக்கொள்ளவும் கற்றிருந்தார். நாம் சென்ற வேளையில், சரள் பாதையின் ஓரம், வேப்ப நிழலில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, பருத்தி எடுத்துவந்த பெண்களுக்கு எடை பார்த்துக் குறிப்பேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். குத்தகையைப் பேசி முடித்து, நிலத்தை மீட்டுக்கொண்டதாகவும், அவ்வாண்டு எதை விதைப்பது என்று தாமே சொன்னதாகவும் கூறினார். மகன் அருகில் நின்று எடைக்கல்லை எடுத்துக் கொடுத்தான்.

நாம் நலம் விசாரிக்க வாயெடுக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "வாங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, உள்நோக்கித் திரும்பி, ஐயாவுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

முன்பு நாம் அவரிடம் கேட்காத அதே கேள்வியை அவர் நம்மிடம் கேட்டார். வீட்டுக்குரியவர்தாமே விருந்தினரை வரவேற்க முடியும்? அவர் கால்கள் அப்போதும் அசையவில்லை, இனியும் அசையப்போவதில்லை. ஆயினும் மருத்துவமனையிலிருந்து வந்து ஓராண்டுக்கு மேலான பின்னர், அவர் வீடு திரும்பிவிட்டார் என்று நாம் அன்று உணர்ந்தோம்.

அன்பர்களே! நம் ஊரில், நம் உறவில், இத்தகைய ஒருவர் திரும்பி வரலாம். அவரைக் காணச் செல்லும்போது பழங்களோடு ஒரு பழக்கத்தையும் எடுத்துச் செல்வோம். அவரைப் பற்றிய செய்தியை அவரிடமே கேட்போம். அவர் சொல்லும் விடைக்குக் காத்திருப்போம். அவ்விடையின்படி செய்வோம். கவனத்தோடு வாழ்தலே அகிம்சை என்னும் நம் முன்னோர் நெறி, அக்கட்டிலருகேதான் சோதிக்கப்படுகிறது.

எல்லா உயிர்க்கும் நலம் பெருகுக! அறம் வளர்க!